டிஎல்டி பேட்ஜ்: நெஞ்சில் குத்தும் அந்த மூன்று வில்லைகளை எவ்வளவு நம்பலாம்?

எக்ஸ்ரே அறை, கேத் லேப் (இதயக் குழாய்ச் சிகிச்சை அறை), ரேடியோதெரபி, நியூக்ளியர் மெடிசின், வெல்டிங் சோதிக்கும் ரேடியோகிராஃபி கூடம் என்று இந்தியாவில் கதிர்வீச்சோடு வேலை செய்கிறவர்கள் தாங்கள் வாங்கும் கதிர்வீச்சின் அளவை, அதாவது டோஸை, அளக்கச் சட்டையில் குத்திக்கொள்ளும் பொருள் டிஎல்டி பேட்ஜ். தெர்மோலூமினசென்ட் டோசிமீட்டர் என்பதன் சுருக்கம் டிஎல்டி: வாங்கிய கதிருக்கேற்ப, சூடாக்கும்போது ஒளிரும் அளவி. பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உருவான இது, 1975 முதல் பழைய ஃபிலிம் பேட்ஜின் இடத்தைப் பிடித்தது. இன்றும் பெரும்பாலான மருத்துவமனைகளுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தபாலில் வருவது இதுதான். கடையில் விலை பார்த்து வாங்கும் பொருள் இல்லை. அதனால்தானோ என்னவோ, இதைக் கருவியாகப் பார்த்து, எங்கே சரியாக அளக்கிறது, எங்கே சறுக்குகிறது என்று யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். காமாவுக்கு அருமையான கருவி. எக்ஸ்ரேக்குச் சரியாக அணிந்தால் நம்பலாம். கைவிரலுக்கும் கண்ணுக்கும் போதாது. இன்னொன்று: உள்ளே இருக்கும் வில்லை தனியாக எதையும் சரியாக அளக்காது. வில்லைக் கார்டைப் போடும் பிளாஸ்டிக் கேசட், அதில் பதித்த உலோகத் தகடு, ஒப்பிடுவதற்காக யாரும் அணியாமல் அலமாரியில் தூங்கும் கண்ட்ரோல் கார்டு ஆகிய எல்லாம் சேர்ந்தால்தான் அது கருவி. தவறான ரிப்போர்ட்டுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றை அலட்சியம் செய்வதால் வருபவை.

உள்ளே இருப்பதைப் பார்ப்போம். கார்டு என்பது நிக்கல் பூசிய அலுமினிய அட்டை, சுமார் 52 மி.மீ. நீளம், 30 மி.மீ. அகலம், 1 மி.மீ. கனம். அதில் மூன்று வட்டத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் 13.3 மி.மீ. விட்டமும் 0.8 மி.மீ. கனமும் உள்ள வெள்ளை வில்லை ஒன்று கிளிப்பில் மாட்டியிருக்கும். வில்லை என்பது டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்ஃபேட் பொடி ஒரு பங்கு, டெஃப்லான் மூன்று பங்கு, எடைக்கணக்கில் கலந்து அழுத்திச் செய்தது. ஒளிர்வது பொடி மட்டும்தான். டெஃப்லான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே. அட்டையைச் சுற்றி உங்கள் பெயர், எண், காலாண்டு அச்சிட்ட தாள், அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் உறை. அட்டையின் ஒரு முனையில் வி வடிவ வெட்டு இருக்கும். கேசட்டுக்குள் கார்டு ஒரே திசையில்தான் போகவேண்டும் என்பதற்காக வைத்த வெட்டு அது.

கேசட்டில் மூன்று வில்லைகளுக்கும் மூன்று விதமான மறைப்பு. முதல் வில்லைக்கு எதிரே 1 மி.மீ. அலுமினியமும் 0.9 மி.மீ. செம்பும். இரண்டாவதுக்கு எதிரே ஒன்றரை மி.மீ. பிளாஸ்டிக். மூன்றாவதுக்கு எதிரே வெறும் ஜன்னல். ஏன் இந்த ஏற்பாடு என்பது, காமாக் கதிர் ஒரு பொருளில் எப்படி உறிஞ்சப்படுகிறது என்று பார்த்தால் தெளிவாகும்.

கோபால்ட்-60 சிகிச்சை இயந்திரத்தின் காமாக் கதிருக்கு ஆற்றல் சராசரியாக 1.25 மெகா எலெக்ட்ரான் வோல்ட். அதில் நூறு ஃபோட்டான்கள் (கதிரின் ஆற்றல் பொட்டலங்கள்) வில்லைமேல் விழுந்தால் ஒன்றுதான் மோதும். மீதி தொண்ணூற்றொன்பதும் எதுவும் நடக்காததுபோல் ஊடுருவிப் போய்விடும். மோதுகிற அந்த ஒன்றும் முழுதாக உறிஞ்சப்படுவதில்லை. காம்ப்டன் சிதறலில் ஓர் எலெக்ட்ரானைத் தட்டிவிட்டு, மிச்ச ஆற்றலோடு வேறு பக்கம் திரும்பிப் போகும். தட்டிவிடப்பட்ட எலெக்ட்ரானின் சராசரி ஆற்றல் 0.6 மெகா எலெக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி இருக்கும். அது நின்றுபோவதற்குத் தேவையான பாதை வில்லையின் கனத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அதாவது வில்லைக்குள் ஆற்றலைக் கொட்டும் எலெக்ட்ரான்களில் கணிசமானவை வில்லைக்குள் பிறந்தவையே அல்ல. முன்னால் இருக்கும் பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும், பின்னால் இருக்கும் உடலிலும் பிறந்து உள்ளே பாய்பவை. ஆகவே காமா அளவீட்டில் கேசட் வெறும் உறை இல்லை, எலெக்ட்ரான்களைத் தருகிற பாகமே அதுதான். கார்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டு கோபால்ட் அறையில் வேலை செய்தால், முன்பக்கத்திலிருந்து வரவேண்டிய எலெக்ட்ரான்கள் குறைந்து, அளவும் குறைவாகவே வரும்.

இந்த ஆற்றலில் கால்சியம் சல்ஃபேட்டும் சதையும் ஏறக்குறைய ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. காம்ப்டன் சிதறல் அணு எண்ணைப் பொருட்படுத்தாது. ஒரு கிராமில் எத்தனை எலெக்ட்ரான் என்பதே கணக்கு. அந்தக் கணக்கில் கால்சியம் சல்ஃபேட் நீரில் சுமார் பத்தில் ஒன்பது பங்கு. காலிபரேஷனில் அது சரியாகிவிடும். சீசியம்-137-இன் 662 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டிலும் (இனிமேல் கேஇவி என்றே சொல்வோம்) இதே நிலைதான். காமாவுக்கு அருமையான கருவி என்று மேலே சொன்னதன் காரணம் இது.

சிக்கல் ஆரம்பிப்பது எக்ஸ்ரே அறையில். அங்கே சிதறி வரும் கதிர் பெரும்பாலும் 30 முதல் 60 கேஇவி. இந்த ஆற்றலில் காம்ப்டன் பின்னுக்குப் போய் ஒளிமின் விளைவு முன்னுக்கு வருகிறது. ஃபோட்டான் முழுதாக விழுங்கப்படுகிறது. விழுங்கும் வாய்ப்பு, கிராமுக்கு இத்தனை என்று பார்த்தால், அணு எண்ணின் மூன்றாம் படியை ஒட்டி ஏறும், ஆற்றலின் மூன்றாம் படியை ஒட்டி இறங்கும். சதையின் பயனுறு அணு எண் (பல தனிமங்கள் கலந்த பொருளுக்குச் சேர்த்துக் கணக்கிடும் அணு எண்) 7.4. கால்சியம் சல்ஃபேட்டினுடையது 15-ஐத் தாண்டும். இரட்டிப்பு என்றால் மூன்றாம் படியில் எட்டு மடங்குக்கு மேல். 30 கேஇவியில் கால்சியம் சல்ஃபேட் சதையைவிட ஏறத்தாழ பத்து மடங்கு ஆற்றலை உறிஞ்சுகிறது. உடலுக்கு 1 மில்லிசீவெர்ட் (டோஸின் அலகு) போயிருக்க, வெறும் வில்லை 10 என்று காட்டும். இங்கே பிறக்கும் எலெக்ட்ரான் சில மைக்ரான் தூரத்திலேயே நின்றுவிடுவதால், காமாவில் நடந்ததற்கு நேர்மாறாக, ஒவ்வொரு பொடித் துகளும் தான் விழுங்கியதைத் தானே பதிவு செய்கிறது. கேசட்டால் எலெக்ட்ரான் தந்து உதவ முடியாது. வரும் ஃபோட்டானை வடிகட்டித்தான் உதவ முடியும்.

உலோகத் தகடு செய்வது அதைத்தான். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்த அலுமினியமும் செம்பும் சேர்ந்து 662 கேஇவி காமாவில் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டை உள்ளே விடும். 100 கேஇவியில் மூன்றில் இரண்டு பங்கு. 60 கேஇவியில் நான்கில் ஒன்று. 30 கேஇவியில் அநேகமாக ஒன்றுமே இல்லை. 60 கேஇவி அருகே கால்சியத்தின் மிகைப்பதிவையும் செம்பின் தடுப்பையும் பெருக்கினால் இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு ஈடுகட்டிவிடும். அதற்கும் கீழே போனால் முதல் வில்லை குருடு. அப்போது பிளாஸ்டிக்குக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது வில்லையின் அளவு முதலாவதைப்போல் எத்தனை மடங்கு என்று பார்ப்பார்கள். ஒன்றை ஒட்டி இருந்தால் காமா. பல மடங்கு என்றால் எக்ஸ்ரே, அதுவும் எவ்வளவு ஆற்றல் என்பது அந்த விகிதத்திலிருந்தே கிடைக்கும், அதற்கேற்ற திருத்தமும் போடப்படும். மூன்றாவது வில்லை இரண்டாவதைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் பீட்டா. மூன்று வெள்ளை வில்லைகளை வைத்துக்கொண்டு கதிரின் வகையையும் ஆற்றலையும் ஊகிக்கும் இந்த ஏற்பாடு உண்மையிலேயே புத்திசாலித்தனமானது. இதன் எளிமைதான் இது இத்தனை ஆண்டுகள் நிலைத்ததற்குக் காரணம்.

இதே ஏற்பாடுதான் பலவீனமும். கார்டு ஒரு காலாண்டில் திரும்பிப் போய்விடும், கேசட்டோ உங்களிடமே ஆண்டுக்கணக்கில் இருக்கும். கீழே விழுந்து, விரிசல் விட்டு, ஒருநாள் உலோகத் தகடு கழன்றுவிட்டால் என்ன ஆகும்? எக்ஸ்ரே மூன்று வில்லைக்கும் ஒரே அளவில் விழும். விகிதம் ஒன்று என்று வரும். கணக்கு அதைக் காமா என்று எடுத்துக்கொள்ளும். மிகைப்பதிவுக்கான திருத்தம் விழாது. வாங்காத டோஸ் பல மடங்காக உங்கள் பெயரில் ஏறும். ஒவ்வொரு முறை புதுக் கார்டைப் போடும்போதும் கேசட்டைத் திறந்து தகடு இருக்கிறதா, ஆடுகிறதா என்று பார்க்க அரை நிமிடம் ஆகும். வி வெட்டையும் அப்போதே பாருங்கள். வளைத்து நெளித்துத் தலைகீழாகத் திணித்தால் வெறும் ஜன்னல் முதல் வில்லைக்கு வந்துவிடும், மூன்றாவது வில்லை உலோகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். இயற்கையில் வரமுடியாத விகிதம் வந்து ஆய்வகம் கார்டை ஒதுக்கி வைத்து உங்களிடம் விளக்கம் கேட்கும்.

உறிஞ்சிய ஆற்றல் எங்கே போகிறது? எலெக்ட்ரான்கள் ஓடும் வழியில் படிகத்துக்குள் மின்னூட்டங்கள் பிரிந்து, அங்கங்கே பொறிபோல் உள்ள குறைபாடுகளில் மாட்டிக்கொள்கின்றன. அறை வெப்பநிலையில் அவற்றால் வெளியே வரமுடியாது. ஆய்வகத்தில் சுமார் 285 டிகிரி செல்சியஸ் சூடான நைட்ரஜன் வாயுவை வில்லைமேல் ஊதுகிறார்கள். 220 டிகிரியை ஒட்டி அவை விடுபட்டுச் சேரும்போது, அந்த ஆற்றலை டிஸ்ப்ரோசியம் வாங்கி நீலமும் மஞ்சளுமாக, 480, 570 நானோமீட்டரில் ஒளியாக விடுகிறது. அந்த ஒளியை ஃபோட்டோமல்டிப்ளையர் என்ற ஒளியுணர் குழாய் எண்ணுகிறது. சூடு கொடுக்க நைட்ரஜனைத் தேர்ந்தெடுத்ததில் இரட்டை லாபம். உலோகத் தட்டு வைத்துச் சூடாக்கினால் தொடுகை சீராக இருக்காது. காற்றில் சூடாக்கினால் வில்லைமேல் ஒட்டிய அழுக்கும் எண்ணெயும் ஆக்ஸிஜனோடு சேர்ந்து தானே மினுங்கிப் பொய் டோஸ் காட்டும். உறையைப் பிரித்து வில்லையைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்வதற்கும் இதுவே காரணம். விரல்ரேகையின் பிசுபிசுப்பும் டோஸாகப் பதிவாகலாம்.

படித்து முடித்த கார்டை 230 டிகிரியில் நான்கு மணி நேரம் வைத்து மீதியையும் துடைத்துவிட்டு மறுபடி அனுப்புகிறார்கள். டெஃப்லான் இருப்பதால் அதற்குமேல் அதிகம் சூடேற்ற முடியாது. ஒருமுறை படித்தால் தகவல் ஏறக்குறைய முழுதாகப் போய்விடும் என்பது இதன் பெரிய குறை. ரிப்போர்ட்டில் சந்தேகம் வந்தால் அதே கார்டை எடுத்து நேரடியாக மறுபடி படித்துப் பார்க்க வழி இல்லை. ஆழமான பொறிகளில் மிஞ்சியதைப் புற ஊதா ஒளியால் மேலே கொண்டுவந்து மதிப்பிடும் முறை ஒன்று உண்டு. அது கூடுதல் டோஸ் வாங்கிய கார்டுகளுக்கு மட்டுமே கைகொடுக்கும்.

இனி கண்ட்ரோல் கார்டு. ஒவ்வொரு தொகுப்போடும் ஒன்று வரும். யாரும் அதை அணியக்கூடாது, கதிர்வீச்சு இல்லாத இடத்தில் வைக்கவேண்டும். இயற்கைக் கதிர்வீச்சும் தபால் பயணத்தில் சேர்ந்ததும் எவ்வளவு என்பதைச் சொல்வது இதுதான். மணிக்கு 0.1 மைக்ரோசீவெர்ட் இயற்கைக் கதிர்வீச்சு உள்ள ஊரில் மூன்று மாதத்தில் 0.2 மில்லிசீவெர்ட்டுக்குமேல் சேர்ந்துவிடும். நல்ல எக்ஸ்ரே அறையில் ஒரு டெக்னீஷியன் அதே காலத்தில் வாங்கும் டோஸ் அதைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். ஆகவே கழிக்கும் எண் தவறினால் விடை முழுவதும் தவறும்.

நடைமுறையில் இந்தக் கார்டை எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்துச் சுவரில், மற்ற பேட்ஜுகளைத் தொங்கவிடும் அதே பலகையில் மாட்டிவிடுகிறார்கள். சுவர் வழியே கசிவது காலாண்டில் அரை மில்லிசீவெர்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அரை மில்லிசீவெர்ட் அந்த மருத்துவமனையின் அத்தனை பேர் கணக்கிலிருந்தும் கழிந்துபோகும். எல்லோருக்கும் சுழி என்று ரிப்போர்ட் வரும், எல்லோரும் நிம்மதியாவார்கள். இத்தனை கேஸ் பார்க்கும் இடத்தில் வரிசையாகச் சுழி வந்தால், முதலில் கண்ட்ரோல் கார்டு எங்கே தொங்குகிறது என்று போய்ப் பாருங்கள். கணக்குப் பிரிவு, நிர்வாக அலுவலகம் போன்ற தொலைவான இடத்தில் மர அலமாரி போதும். ஈயப் பெட்டிக்குள் பூட்டி வைப்பதும் தவறு. அப்போது இயற்கைக் கதிர்வீச்சும் குறைவாகப் பதிவாகி, ஊழியர்கள் கணக்கில் இல்லாத டோஸ் ஏறும். கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி போலத் தோரியம் மண்ணில் நிறைந்த கடலோரங்களில் இது இன்னும் முக்கியம். அங்கே வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு இயற்கை அளவு மாறும். தோரியம் தொடரின் 2.6 மெகா எலெக்ட்ரான் வோல்ட் காமா சாதாரணச் சுவருக்கு அடங்காது. கண்ட்ரோல் கார்டும் ஊழியர் பேட்ஜும் வேலை முடிந்தபின் ஒரே மாதிரியான சூழலில் இருந்தால்தான் கழித்தல் பொருள் படும்.

அணியும் முறையில் ஒரே விதியை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டால் போதும்: நெஞ்சு மட்டத்தில், ஈயக் கவசமான லெட் ஏப்ரனுக்கு உள்ளே. மேலே குத்தினால் ஏப்ரன் தடுத்ததெல்லாம் உங்கள் உடலுக்குள் போனதாகக் கணக்காகும். ஏப்ரனைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டும்போது பேட்ஜும் அதோடு எக்ஸ்ரே அறையிலேயே தங்கிவிடுவது தனித் தொல்லை. பழைய ஃபிலிம் பேட்ஜில் இப்படித் தொங்கியபடி வாங்கிய டோஸ் கூர்மையான நிழல்களாகத் தெரிந்து பிடிபட்டுவிடும். டிஎல்டியில் ஒவ்வொரு வில்லையும் ஒற்றை எண்ணாக மட்டுமே கிடைப்பதால், ஆள் வாங்கியதா, ஆணி வாங்கியதா என்று அதனால் சொல்ல முடியாது. இந்தப் பொருளின்மேல் வைக்கக்கூடிய நியாயமான குற்றச்சாட்டுகளில் இதுவே பெரியது. ஒரு காலாண்டில் 10 மில்லிசீவெர்ட்டைத் தாண்டினால் விசாரணை வரும். அப்போது பேட்ஜ் எங்கே இருந்தது என்பதற்கு உங்கள் நினைவைத் தவிரச் சாட்சி கிடையாது. நியூக்ளியர் மெடிசினில் அயோடின்-131 துளி கேசட்மேல் பட்டாலும் இதே கதைதான். வேலை முடிந்ததும் கேசட்டைக் கண்டாமினேஷன் மானிட்டரில் காட்டிவிடுங்கள்.

சட்டையோடு துவைக்கப் போட்டுவிட்டால், காய்ந்துவிட்டதே என்று தொடர்ந்து அணியாதீர்கள். உறைக்குள் நீர் போயிருந்தால் தாளின் எண் அழியும், சோப்பு வில்லைமேல் படியும். உடனே ஆர்எஸ்ஓவிடம் (கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி) சொல்லி மாற்றுக் கார்டு கேளுங்கள். வெயிலில் நிற்கும் காரின் டாஷ்போர்டும் வேண்டாம். 220 டிகிரி பொறி அந்தச் சூட்டுக்கு அவ்வளவு எளிதில் கலையாது என்றாலும், பிளாஸ்டிக் வளையும்.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்? வெளிநாடுகளில் பரவலாக உள்ள லித்தியம் ஃபுளோரைடு டிஎல்டியின் பயனுறு அணு எண் 8.2. சதைக்கு மிக அருகில். 30 கேஇவியில் அதன் மிகைப்பதிவு முப்பது, நாற்பது விழுக்காட்டோடு நின்றுவிடும். ஆனால் காமா உணர்திறனில் கால்சியம் சல்ஃபேட் அதைப்போல் 30 மடங்குக்குமேல். லித்தியம் ஃபுளோரைடை மறுபடி பயன்படுத்த 400 டிகிரியில் ஒரு மணி நேரம், பிறகு 100 டிகிரியில் இரண்டு மணி நேரம் என்று கவனமாகச் சுடவேண்டும், கொஞ்சம் தவறினாலும் உணர்திறன் மாறும். பெருந்தொகையாகச் சுற்றில் விடும் சேவைக்குக் கால்சியம் சல்ஃபேட்டைத் தேர்ந்தெடுத்தது நல்ல முடிவு. அலுமினியம் ஆக்ஸைடை வைத்துச் செய்யும் ஓஎஸ்எல் பேட்ஜ் சூட்டுக்குப் பதில் பச்சை ஒளியால் படிப்பது. ஒவ்வொரு முறையும் சிறிதளவே செலவாவதால் திரும்பத் திரும்பப் படிக்கலாம். வசதியில் டிஎல்டியை மிஞ்சும். அதற்கும் எக்ஸ்ரேயில் மிகைப்பதிவு உண்டு, வடிகட்டி தேவை, வெளிச்சத்திலிருந்து மறைத்தே வைக்கவேண்டும். பாக்கெட்டில் போடும் எலெக்ட்ரானிக் டோசிமீட்டர் உடனுக்குடன் எண் காட்டும், அலாரம் அடிக்கும். ரேடியோகிராஃபி வேலையிலும் மூலப்பொருளைக் கையாளும் இடத்திலும் அது அவசியம், டிஎல்டிக்கு மாற்றாக அல்ல, கூடவே. துடிப்பாக வரும் எக்ஸ்ரேயில் கெய்கர் குழாய் வகைகள் எண்ணிக்கையைத் தவறவிட்டுக் குறைத்துக் காட்டும். டிஎல்டிக்கு அந்தத் தொல்லை இல்லை. கதிர் ஒரு நொடியில் வந்தாலும் மூன்று மாதத்தில் வந்தாலும் சேர்ந்ததைச் சொல்லிவிடும்.

ரிப்போர்ட்டைப் படிக்கும்போது 0.1 மில்லிசீவெர்ட்டை ஒட்டிய எண்களின் ஏற்ற இறக்கத்துக்குப் பொருள் தேடாதீர்கள், அளவீட்டின் கீழ் எல்லையே அங்கேதான். ஐந்து ஆண்டுச் சராசரி ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட், எந்த ஓர் ஆண்டிலும் 30-க்குமேல் கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் வரம்பு. கருவுற்றிருப்பதைத் தெரிவித்த பிறகு மீதி மாதங்களுக்குக் கருவுக்கு 1 மில்லிசீவெர்ட். வேலை மாறும்போது பழைய இடத்தில் கொடுத்த பெர்சனல் நம்பரைப் புதிய இடத்தில் சொல்லுங்கள். புது எண் வாங்கினால் உங்கள் டோஸ் வரலாறு இரண்டாக உடையும், ஐந்து ஆண்டுக் கூட்டல் வேலை செய்யாது.

கேத் லேப் ஊழியர்களுக்கு இந்தப் பேட்ஜ் மட்டும் போதாது. ஏப்ரனுக்கு உள்ளே இருக்கும் வில்லைக்கு, வெளியே இருக்கும் கண்ணும் கையும் வாங்குவது தெரியாது. நோயாளிக்கு அருகே கை நீட்டும் கார்டியாலஜிஸ்ட்டுக்கும், ஊசியில் டெக்னீஷியம் ஏற்றும் நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்ட்டுக்கும் விரல் மோதிரமோ மணிக்கட்டு பேட்ஜோ தனியாகக் கேட்டு வாங்குங்கள். மோதிரத்தைக் கையுறைக்கு உள்ளே, வில்லை உள்ளங்கைப் பக்கம், அதாவது ஊசியைப் பார்க்கும்படி போடவேண்டும். புறங்கைப் பக்கம் திரும்பியிருந்தால் விரலே கதிரை மறைக்கும், தொலைவும் கூடும், ரிப்போர்ட்டில் உண்மையைவிடச் சிறிய எண்தான் வரும்.